சேவைன்னா சம்பளம் எப்படி?

சென்னை மேடவாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். இரண்டாவது மாடி, தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, துணி காயப்போட மொட்டை மாடி உண்டு. எல்லாம் பிடித்துப்போய் அட்வான்ஸ் பேசும்போது வீட்டுக்கார அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா பண்ற?"

"சோஷியல் ஒர்க்கர்மா. கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம். அங்க இருக்குற பசங்களோட வேலை."

"சேவையா? ரொம்ப நல்லது." கையெடுத்துக் கும்பிடாத குறை. அடுத்த நொடி குரல் இறங்கியது. "சேவைன்னா... சம்பளம் எப்படி?"

கணவரின் பே ஸ்லிப்பைக் காட்டித்தான் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். வாடகை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் என் பெயருக்குப் பக்கத்தில் "இல்லத்தரசி" என்று போட்டிருந்தது. புரோக்கரிடம் கேட்டேன். "அப்படிப் போட்டா கேள்வி வராது மேடம்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. சேவை என்று சொன்ன மாத்திரத்தில் சம்பளம், லீவு, பி.எஃப். பற்றிப் பேசுவதெல்லாம் அசிங்கமாகிவிடுகிறது. (எங்கள் வீட்டில் சேவை என்றால் இடியாப்பம் மாதிரி ஒரு பலகாரம், எலுமிச்சை பிழிந்து தட்டில் வைப்பது. அதற்காவது ஒரு விலை உண்டு.) நான் படித்த படிப்பின் பெயர் சமூகப் பணி. பணி என்றால் வேலை. கொத்தனார் வேலை, நர்ஸ் வேலை போல இதுவும் ஒரு வேலை. கற்றுக்கொள்ள வேண்டியது, கற்றுக்கொள்ளாமல் இறங்கினால் யாராவது ஒருவருக்கு அடிபடும். இந்தியாவில் இதற்கென்று முதல் கல்லூரி 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் பணத்தில் வந்தது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒன்றைத் தொடங்கினார். இத்தனை வருடம் ஆகியும் கல்யாண மண்டபத்தில் யாராவது கேட்டால், அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு "என்ஜிஓ-ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இதற்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், எம்.எஸ்சி.க்கு மார்க் போதவில்லை, தோழி எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) விண்ணப்பம் வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கினாள். அவ்வளவுதான் கதை. இரண்டாம் வருடம் பிரிவு எடுக்கும்போது வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் மனிதவளம் பக்கம் போனார்கள். கம்பெனி வேலை, ஏசி, மாதம் பிறந்தால் சம்பளம். மிச்சப் பேரில் பெரும்பாலோர் மருத்துவம், உளநலம். சமுதாய மேம்பாடு எடுத்தவர்கள் ஏழு பேர். அதில் இன்றும் ஃபீல்டில் இருப்பது நானும் இன்னொருத்தியும்.

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. எனக்குக் கிடைத்த இடம் கண்ணகி நகர். ஓஎம்ஆரில் துரைப்பாக்கத்திலிருந்து உள்ளே திரும்பினால் வரும். 2000-லிருந்து சென்னையின் ஆற்றங்கரைகள், சாலையோரங்களிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள் மின்னும். காலையில் அந்தக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் இங்கிருந்துதான் போகிறார்கள்.

முதல் நாள் கையில் கிளிப் போர்டு, கழுத்தில் ஐடி கார்டு, துப்பட்டாவில் மூன்று சேஃப்டி பின். ஒரு பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"சர்வேவா? இந்த வருஷத்துக்கு நீ நாலாவது ஆளு. எழுதிக்கோ. ஆறு பேரு. ஒரே ரூமு. தண்ணி லாரி. புருஷன் செத்துட்டாரு. வேற என்னா?"

பூ கட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. என் ஃபாரத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன. உருப்படியானவற்றுக்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த சீனியர் அக்காவிடம் இதைப் போய்ச் சொன்னேன். சிரித்தார். "ஃபாரத்தைப் பையில வை. மூணு மாசத்துக்கு எதுவும் செய்யாத. போ, உட்காரு, வா." அது எனக்குப் புரியவில்லை, கோபமாகக்கூட இருந்தது. வாரா வாரம் களப்பணி அறிக்கை எழுத வேண்டுமே, "உட்கார்ந்தேன்" என்று எத்தனை வாரம் எழுதுவது? சரி என்று பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டினேன். நான் கட்டிய முழத்தை அவர் விற்கவே மாட்டார். அவிழ்த்து மறுபடியும் கட்டுவார்.

அந்தப் படியில் உட்கார்ந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பழைய இடத்தில் இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் இங்கே குலுக்கலில் வேறு வேறு பிளாக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு பையன் தெருமுனையில் பீடி பிடித்தால் "இரு, உங்கப்பன்கிட்ட சொல்றேன்" என்று மிரட்ட ஒரு பெரியவர் இருந்தார். இங்கே யாருக்கும் யாருடைய அப்பாவையும் தெரியாது. அவசரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஒரு வீடு கிடையாது. பாட்டி இதைச் சமூகவியலாகச் சொல்லவில்லை. "அங்க திட்டறதுக்கு ஆள் இருந்துச்சி" என்றார். இளைஞர்களோடு வேலை செய்வது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், திட்டுவதற்கு உரிமை உள்ள ஒரு ஆளாக ஆவது என்றுதான் சொல்வேன். அந்த உரிமையை வாங்க இரண்டு வருடம் ஆகும். ப்ராஜெக்ட்டோ மூன்று வருடம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை மறுபடியும் இந்தப் பக்கம் ஏற்றிவந்தார்கள். பெரும்பாக்கம், எழில் நகர். நான் அப்போது ஒரு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். வளரிளம் பையன்களுக்கு ஒரு மாலை மையம் தொடங்கினோம். ஓர் அறை, இரண்டு டியூப்லைட், ஒரு கேரம் போர்டு.

அந்த கேரம் போர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு போர்டில் நான்கு பேர் ஆடலாம். மாலையில் வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். ஆடுகிறவன் காயைப் பார்ப்பான், பேச மாட்டான். காத்திருக்கிறவன் பேசுவான். சுவரில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "எங்க அம்மா நேத்து வீட்டுக்கே வரல" என்று போகிற போக்கில் சொல்வான். என் வேலை முழுக்கக் காத்திருக்கிறவர்களோடுதான். ஒரு கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்து, பையன்கள் நிற்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, இன்னும் நான்கு போர்டு வாங்கித் தருகிறோம் என்றார்கள். 2014-லிருந்து பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம். மார்ச் மாதம் நெருங்கினால் அந்தப் பணம் போர்டாகவும் பையாகவும் சுவர் பெயிண்டாகவும் வந்து இறங்கும். வேண்டாம் என்றேன். ஆபீஸில் எனக்கு நல்ல டோஸ். நான்கு போர்டு வந்தால் எல்லோரும் ஆடுவார்கள், ஒருவனும் பேச மாட்டான் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? கடைசியில் ஒரு மின்விசிறி வாங்கிக்கொண்டு சமாதானமானோம்.

ஒருவன் மட்டும் ஆட வரவே மாட்டான், முறை வந்தாலும் விட்டுவிடுவான். பவுடர் டப்பா அவன் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் போர்டை உள்ளங்கையால் துடைத்து, பவுடரை விரல் நுனியில் எடுத்து, கோலமாவு தூவுகிற மாதிரி தூவுவான். ஒரு மூலையில் கூடக் கட்டியாக நிற்காது. அவன் பெயர் வேண்டாம். பவுடர் பையன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பவுடர் தீர்ந்துபோனது. கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் ஸ்கூல் விடும் நேரம். யூனிபார்ம் கூட்டம் எதிரே வந்தது. அவன் சட்டென்று ஒரு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

வீடு மாறியது படிப்பு வருடத்தின் நடுவில். அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. பக்கத்துப் பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்டார்கள். பழைய பள்ளி பஸ் பிடித்துப் போகும் தூரம். அம்மா ஒரு கட்டடத்தில் ஹவுஸ் கீப்பிங், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். ஒருமுறை போனார், தலைமையாசிரியர் இல்லை. இரண்டாவது முறை போகவில்லை. அத்தோடு ஒரு வருடம் போய்விட்டது.

கல்வி உரிமைச் சட்டம் எனக்கு மனப்பாடம். 2009-ல் வந்தது, ஐந்தாவது பிரிவு, டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பள்ளியில் போய் இதைச் சொன்னேன். அங்கே எதிரே உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எட்டாவது வரைக்கும்தானம்மா அந்தச் சட்டம்" என்றார். உண்மைதான். ஆறு வயது முதல் பதினான்கு வரை, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை. என் பையன் ஒரு வகுப்பு தாண்டி நின்றான்.

அப்புறம் ஐந்து நடை. ஒரு நாள் தலைமையாசிரியர், ஒரு நாள் எழுத்தர், ஒரு நாள் பழைய வருகைப் பதிவேடு, ஒரு நாள் பையன் பெயரில் ஒருவர் "ன்" போட்டு இன்னொருவர் "ம்" போட்ட தகராறு, ஒரு நாள் கையெழுத்து. ஐந்தாவது நாள் டி.சி. கைக்கு வந்தது. அவனும் கூட வந்திருந்தான். ஷேர் ஆட்டோவில் அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வியர்வை படாமல் இருக்க முதுகை வளைத்தே உட்கார்ந்திருந்தான். பத்தாவது முடித்தான். அதற்கு மேல் படிக்கவில்லை. இப்போது உணவு டெலிவரி. என் அறிக்கையில் அவன் "மீண்டும் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள்: 1".

நான் சொதப்பிய கதையையும் எழுத வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு நடத்தினேன். அதில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டவள், ஒரு நாள் எல்லோரும் போன பிறகு தங்கிச் சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், மாமா பையன், பத்திரிகை அடித்தாகிவிட்டது. "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கம்மாகிட்ட மட்டும் நீங்க பேசுங்க." நான் தலையை ஆட்டினேன். அங்கேதான் தப்பு நடந்தது. அம்மாவிடம் பேசினேன், நடக்கவில்லை. நாள் நெருங்கியது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. 2006-ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

நான் அழைத்தது சரி. இன்றும் அழைப்பேன். ஆனால் தலையை ஆட்டியிருக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கிறவர்களோடு வேலை செய்கிறவர் எல்லா ரகசியத்தையும் காப்பேன் என்று சொல்லவே முடியாது. பாலியல் வன்முறை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அதனால் இப்போது எந்தக் குழுவிலும் முதல் நாளே, பெயர் சொல்லும் விளையாட்டுக்கும் முன்னால், சொல்லிவிடுவேன். "நீங்க சொல்றது எதுவும் என்னைத் தாண்டாது. ஆனா உங்களை யாராவது துன்புறுத்தினாலோ, சின்ன வயசுல கல்யாணம் பேசினாலோ, நீங்களே உங்களுக்கு ஏதாவது பண்ணிக்கப் போறீங்கன்னாலோ, நான் சொல்லித்தான் ஆகணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க." சில பிள்ளைகள் இதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நமக்குக் கதைகள் குறையும். பரவாயில்லை. அவள் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. இப்போது பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் தலையசைப்பாள். அதற்கு மேல் இல்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன், இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். 2013-ல் என் முதல் சம்பளம் ஒன்பதாயிரம். அதில் நான்காயிரம் ஹாஸ்டலுக்கு. வேலை பார்த்த ஒரு இடத்தில் நிதி வரவில்லை என்று நான்கு மாதம் சம்பளம் நின்றது. கேட்கப் போனால் பொறுப்பில் இருந்தவர், "சேவை மனப்பான்மை குறைஞ்சுட்டே வருது" என்றார். அவர் கார் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அந்த நிதியை ஒரு அமைப்பு இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். பெரிய அமைப்புகளிடம் வாங்கி ஓட்டிய சின்ன அமைப்புகள் பல அத்தோடு முடங்கின. நான் இருந்த இடத்தில் முதலில் போனது, எனக்கு "போ, உட்காரு, வா" என்று சொன்ன அக்கா மாதிரி மேற்பார்வை பார்க்கிறவர்களின் பதவிகள். காகிதத்தில் அது நிர்வாகச் செலவு. இப்போது வருகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, தலையாட்டாதே என்று சொல்ல ஆள் இல்லை.

அரசு வேலைப் பக்கம் போகலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். மருத்துவமனைகளில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) வேலை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1993-லிருந்து இளைஞர் மேம்பாட்டுக்கென்றே ராஜீவ் காந்தி பெயரில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் முதுகலை படிக்கலாம். வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி எங்களுக்கு ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் நாளைக்கே விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். பலர் அடித்திருக்கிறார்கள்.

பட்டம் இல்லாதவர்கள் எல்லாம் தெரியாதவர்கள் என்றும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா அங்கேயே குடியிருப்பவர், பன்னிரண்டாவது வரை படித்தவர். இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் வீட்டை விட்டு ஓடினால் போன் அவருக்குத்தான் போகும், எனக்கு மறுநாள் காலை தெரியும். நான் ஐந்து நடை நடந்த டி.சி.யை அவர் இரண்டே நடையில் வாங்குவார். அவருக்கு என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பதவியின் பெயர் "களத் தன்னார்வலர்". அதாவது அவர் செய்வது இன்னும் கொஞ்சம் கூடுதல் சேவை. இதைப் பற்றி நான் மீட்டிங்கில் மூன்று முறை பேசியிருக்கிறேன். குறிப்பேட்டில் ஏறியது, அவ்வளவுதான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் கொடுத்தார், எல்லா சேனல்களும் வந்தன. எனக்கு அன்று மறக்காமல் நின்றது வேறு. ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் கார்த்திகா வைத்துக்கொண்டது. எங்கள் பையன்கள் பயோடேட்டாவில் முகவரி எழுதும்போது "துரைப்பாக்கம்" என்றுதான் போடுவார்கள். கண்ணகி நகர் என்று போட்டால் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள் என்பது அங்கே பால் கார்டு மாதிரி எல்லா வீட்டிலும் இருக்கும் அறிவு. அன்று சாயங்காலம் அத்தனை பேர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அந்தப் பெயர்தான். பவுடர் பையன் நள்ளிரவில் அனுப்பியிருந்தான், கூடவே நெருப்பு எமோஜி ஏழு. அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் ஆடவைத்த பயிற்சியாளர் கையில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் இல்லாமல் இருக்கலாம். நான் இளைஞர் பணி என்று பாடம் எடுக்கும்போது அவரைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்கார அம்மாவை விட்டுவிட்டேனே. மூன்று வருடமாக அதே வீட்டில்தான் இருக்கிறோம். போன மாதம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது அவர் தனியாக நின்றிருந்தார். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். பேரன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். காலேஜுக்குப் போவதில்லை, அறைக் கதவைத் திறப்பதில்லை, சாப்பாட்டுத் தட்டு வாசலில்.

"நீ இந்த மாதிரிப் பசங்ககிட்ட பேசுவியாமே. எங்க பையன்கிட்டயும் பேசுவியாம்மா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எவ்வளவு ஆகும்?" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தொகை சொல்லத் தெரியாமல், கையில் ஈரம் காயாத போர்வையோடு நின்றேன்.

"அதை அப்புறம் பேசிக்கலாம்மா," என்றேன். "வீட்டுல கேரம் போர்டு இருக்கா?"